பூட்டிய அலமாரியில் எங்கள் ஊர்த் தண்ணீர்

அந்த அலமாரியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எழுபதுகளில் மதுரையில் ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டராக வேலை பார்த்தேன். காளவாசலில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். பிள்ளைகளுக்குப் பியூரெட் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பதும், குடுவையை உடைத்தால் திட்டுவதும் என் வேலை. இரண்டாவது வேலையில் நான் கெட்டிக்காரி என்று பேர் வாங்கியிருந்தேன்.

துறைத்தலைவரின் அறைக்குள் நுழைந்ததும் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்று நிற்கும். எங்கள் துறையில் டாக்டர் பட்டம் வாங்கியவர்களின் ஆய்வேடுகள் அதற்குள், கறுப்பு அட்டையும் தங்க எழுத்துமாக. கண்ணாடி வழியாக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம், தொடக் கூடாது. சாவி தலைவரின் சாவிக்கொத்தில் கிடக்கும். ஆய்வேட்டை எழுதியவர் படிப்பார், வழிகாட்டிய பேராசிரியர் படிப்பார், தேர்வு வைக்க வெளியூரிலிருந்து வருகிறவர் புரட்டுவார். அதோடு சரி. அதற்குப் பிறகு அது கொலுப் பொம்மைதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் கையெழுத்து வாங்கப் போனவள், ஆய்வேடுகளின் முதுகில் இருந்த எழுத்துகளைச் சும்மா வாசித்துக்கொண்டே நின்றேன். ஒன்றில் கண் குத்திட்டு நின்றது. இங்கிலீஷ் தலைப்பு. தமிழில் சொன்னால், உசிலம்பட்டி வட்டாரக் கிணற்று நீரின் வேதியியல். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

என் ஊர் அந்த உசிலம்பட்டி வட்டாரத்தில், எழுமலையைத் தாண்டி இருக்கிற சின்ன ஊர். சம்சாரிகள் ஊர், எல்லோருக்கும் விவசாயம்தான். அங்கே இரண்டு பொதுக் கிணறு. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருப்பது நல்ல தண்ணிக் கிணறு. அந்தத் தண்ணீர் வாய்க்கு இதமாக இருக்கும், சோப்பு நுரைக்கும், துவரம்பருப்பு போட்டதும் மலர்ந்துவிடும். எங்கள் பக்கம் பெண் கொடுக்க வருகிறவர்கள் மாப்பிள்ளையின் சம்பாத்தியத்துக்கு முன்னால், ஊரில் பருப்பு வேகிற தண்ணீர் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் அந்த இடத்தில் நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொல்லுவார்கள். இன்னொன்று, களத்துமேட்டுப் பக்கம் உப்புக் கிணறு. மாடு குளிப்பாட்ட, சாணி கரைக்க, பாத்திரம் கழுவ மட்டும் அது. அதை யாரும் வாயில் வைப்பதில்லை.

ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குப் பல்லில் காவிக் கோடு விழும். முகம் தெரியாத ஊரில் போய்ச் சிரித்தால் "வெத்தலை போடுவியா?" என்று கேட்பார்கள். அதைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். சில பிள்ளைகளுக்குக் கால் வளைந்துவிடும். என் அண்ணன் மகளுக்கு அப்படித்தான். நடக்கப் பழகியபோது நன்றாகத்தான் நடந்தாள். போகப்போக முழங்கால் இரண்டும் உள்ளே திரும்பி ஒன்றோடொன்று முட்டத் தொடங்கியது. மதுரையில் டாக்டர் மாற்றி டாக்டர். ஒருவர் சத்துக் குறைவு என்று டானிக் எழுதினார். இன்னொருவர், சொந்தத்தில் கல்யாணம் பண்ணினால் இப்படித்தான் என்றார். அண்ணன் கட்டியதே அசலில், சொந்தமே இல்லை. அதைச் சொன்னபோது அவர் பேனாவை மூடிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நான் திருச்சியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஊருக்கு ஜீப்பில் ஒரு சார் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனதாக அண்ணன் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துப் பல்லைப் பார்த்தாராம், காலைப் பார்த்தாராம், போட்டோ எடுத்தாராம். "ரிசல்ட் வந்ததும் சொல்லியனுப்புறேன்" என்றாராம். ஊரே இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறது. அதோடு போனவர்தான். அந்த ரிசல்ட் இதோ, நான் தினமும் கையெழுத்து வாங்க வருகிற அறையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறது!

அன்றைக்கே கேட்டேன்.

"சார், அந்த உசிலம்பட்டித் தண்ணி தீசிஸ். எங்க ஊரு அங்கதான் சார். ஒரு நாள் பார்த்துட்டுத் தந்துடுறேன்."

"இல்லம்மா, பேப்பர் இன்னும் வெளிய வரல. அதுக்குள்ள எவனாவது டேட்டாவைச் சுட்டுட்டுப் போயிடுவான்."

"நான் யார்கிட்ட சார் கொண்டு போகப் போறேன்? எங்க அண்ணன்கிட்ட சொல்லப் போறேன். அவரு சம்சாரி."

"அதைத்தாம்மா சொல்றேன். வெளிய போகக் கூடாது."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம். ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டிப் படிக்க வைத்தவர், யாரையும் கடிந்து பேசாதவர். ஆனால் அறிவு என்பது வீட்டு நகை மாதிரி பெட்டிக்குள் இருக்க வேண்டியது என்று அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். நகையை வெளியில் காட்டினால் திருட்டுப் போகும், சரி. கிணற்றில் விஷம் இருக்கிறது என்று ஊருக்குச் சொன்னால் என்ன ஐயா திருட்டுப் போகும்?

கொஞ்ச காலம் கழித்துப் பேப்பர், அதாவது ஆய்வுக் கட்டுரை, வெளியே வந்தது. எங்கே? வெளிநாட்டுப் பத்திரிகையில். துறையில் எல்லோருக்கும் கேசரியும் மிக்சரும் கொடுத்தார்கள். விஷயம் தெரிவதற்கு முன் நானும் ஒரு வாய் தின்றுவிட்டேன். தெரிந்ததும் மிச்சத்தைக் காகிதத்தோடு சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டேன். அந்தப் பத்திரிகை எங்கள் நூலகத்துக்கு வருவதில்லை, அதற்குச் சந்தா கட்டுகிற வசதி எங்களுக்கு இல்லை. அந்தக் காலத்தில் எழுதியவருக்கே கார்டு போட்டு "உங்கள் கட்டுரையின் பிரதி ஒன்று அனுப்ப முடியுமா" என்று கேட்பது வழக்கம். எழுதியவரோ அதற்குள் வெளிநாட்டுக்கே போய்விட்டார். எங்கள் ஊர்க் கிணற்றில் என்ன இருக்கிறது என்று கேட்டு நான் கடல் தாண்டிக் கார்டு போட்டேன். பதில் வரவில்லை. தலைவரிடம் மறுபடி போனேன். "எங்கிட்ட ஒரே பிரதிதாம்மா இருக்கு, தொலைஞ்சா திரும்பக் கிடைக்காது" என்றார். பேப்பர் வராதவரை வராத காரணம், வந்த பிறகு வந்த காரணம்.

இதற்கிடையில் ஒவ்வொரு தடவை ஊருக்குப் போகும்போதும் அண்ணன் மகள் ஓடிவந்து என் பையை வாங்குவாள். ஓடி வருவதற்கு அவள் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டுத்தான் நான் திரும்ப பஸ் ஏறுவேன்.

பிறகு சரஸ்வதி பூஜை வந்தது.

அந்த அலமாரியை வருஷத்தில் ஒரே ஒரு நாள் திறப்பார்கள், சரஸ்வதி பூஜைக்கு. ஆய்வேடுகளை எல்லாம் இறக்கித் தூசி தட்டி, படத்துக்கு முன்னால் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டும் குங்குமமும் வைக்க வேண்டும். பொட்டு வைப்பது பெண்கள் வேலை என்று எங்களிடம் விட்டுவிடுவார்கள். அந்த வருஷம் என் முறை. எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் எடுக்கும்வரை படிக்கக் கூடாது. அதாவது, திறந்திருக்கிற ஒரே நாள் படிக்கக் கூடாத நாள். யோசித்துப் பாருங்கள், எப்படிப்பட்ட ஏற்பாடு!

நான் சந்தனக் கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டு அந்த ஆய்வேட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். ஊர் ஊராக அட்டவணை. எங்கள் ஊர்ப் பெயரைத் தேடிப் பிடித்தேன். இரண்டு கிணற்றுக்கும் இரண்டு வரி. இரண்டிலும் ஃபுளோரைடு தாறுமாறாக இருந்தது. பல்லில் காவி, எலும்பு வளைவு எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம் என்று அடுத்த பக்கத்தில் விளக்கம். டானிக்கும் இல்லை, சொந்தமும் இல்லை. முடிவில் ஒரு வாக்கியம்: இவ்வூரில் குடிக்கத் தகுந்த நீர் எதுவும் இல்லை, வெளியிலிருந்து கொண்டுவருவதே வழி.

பக்கத்தைப் புரட்டினால் போட்டோ. ஒரு குழந்தையின் இரண்டு கால், இடுப்புக்கு மேலே வெட்டியிருந்தது. வலது முழங்காலுக்குக் கீழே அரிவாள்மணை கிழித்த தழும்பு. அண்ணன் மகளின் அந்தக் காயத்தில் மஞ்சள் வைத்துக் கட்டியவள் நான். படத்துக்கு அடியில் 'பெண் குழந்தை, வயது ஐந்து' என்று போட்டிருந்தது. பெயர் இல்லை.

என்னையறியாமல் சத்தம் போட்டு அழுதுவிட்டேன் போல. தலைவர் பதறிக்கொண்டு வந்தார்.

"என்னம்மா இது, பூஜை அன்னைக்குப் போய்ப் படிக்கிற! படிக்கக் கூடாதும்மா!"

"மத்த நாள்ல நீங்க குடுக்கல சார்."

நான் புத்தகத்தை மூடவில்லை. ஏனென்றால் அந்த இரண்டு வரியில் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. திரும்பவும் அட்டவணைக்குப் போனேன். நல்ல தண்ணிக் கிணற்றின் உப்பும் உப்புக் கிணற்றின் உப்பும் கிட்டத்தட்ட ஒன்று. கடினத்தன்மையும் ஒன்று. அதெப்படி ஐயா? ஒன்றில் சோப்பு பொங்கும், இன்னொன்றில் தேய்த்துத் தேய்த்துச் சோப்புக் கட்டியே கரைந்து போகும். எங்கள் ஊரில் பேசத் தெரிந்த எந்தப் பிள்ளையும் இந்த இரண்டு வரியைக் கேட்டால் சிரித்துவிடும். எழுதியவருக்கு, வழிகாட்டியவருக்கு, தேர்வு வைத்தவருக்கு, வெளிநாட்டில் அச்சடித்தவருக்கு ஒருத்தருக்கும் சிரிப்பு வரவில்லை. பாவம், அவர்கள் அந்தத் தண்ணீரில் சோப்புப் போட்டதில்லை.

பொரி, சுண்டல் எதற்கும் நிற்காமல் காளவாசலில் பஸ் ஏறினேன். ஆயுத பூஜை என்று பஸ்ஸின் மூக்கில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று. செக்கானூரணி, உசிலம்பட்டி என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் டிரைவர் இறங்கி அதைச் சரிபண்ணிக் கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த மனுஷனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

வீட்டில் அண்ணன் மனைவி மட்டும் இருந்தார்.

"மதினி, அன்னைக்கு ஜீப்புல வந்த சாருக்குப் பாட்டில்ல தண்ணி பிடிச்சுக் குடுத்தது யாரு?"

"நாந்தான். இப்ப என்னத்துக்குத்தா அது?"

"எந்தக் கிணத்துல பிடிச்சீக?"

மதினி முந்தானையைச் சரிபண்ணிக்கொண்டார். "ரெண்டு கிணத்துலயும் ஒவ்வொண்ணு பிடிக்கணும்னாக. வெயிலு அம்புட்டு. நீங்க வேப்பமரத்தடியில உக்காந்து காப்பி குடிங்க, நான் மோந்துட்டு வாரேன்னு பாட்டில வாங்கிட்டுப் போனேன்." குரல் இறங்கியது. "உப்புத் தண்ணிய எப்படித்தா கொண்டுபோய்க் குடுக்குறது? மதுரையில இருந்து வந்த படிச்ச மனுசன். வாயில வச்சுப் பாத்துட்டு, இந்த ஊருல இதத்தான் குடிக்கிறாகன்னு எழுதிட்டா நமக்குக் கேவலமில்லையா? ரெண்டுலயும் நல்ல தண்ணியவே பிடிச்சுக் குடுத்துட்டேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. விருந்தாளிக்கு உப்புத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. எங்கள் ஊரில் வேறு எந்தப் பெண்ணிடம் பாட்டிலைக் கொடுத்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பாள். விஷயத்தைச் சொன்னேன். நல்ல தண்ணீர்தான் காலை வளைக்கிறது என்றேன். மதினி அழத் தொடங்கிவிட்டார்.

"அப்ப எம்பிள்ளைய நாந்தான் கெடுத்துப்புட்டேனா?"

"நீங்க இல்ல மதினி! நீங்க ஏன் அழுகுறீக? அந்த ஆளு ஒரு தடவ திரும்பி வந்து, இந்தாங்கம்மா உங்க ரெண்டு கிணத்துலயும் இப்படி இருக்குன்னு வாசிச்சுக் காட்டியிருந்தா, நீங்க என்ன சொல்லியிருப்பீக?"

"ஐயா, அது ரெண்டும் ஒரே கிணத்துத் தண்ணின்னு சொல்லியிருப்பேன்."

அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத் தெரிந்த ஆள் உலகத்தில் ஒருத்திதான், அவளிடம் யாரும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தை அவளுக்கு யாரும் காட்டவில்லை. கடல் கடந்து போன பேப்பர் எங்கள் சமையலறைக்கு வரவில்லை. ஆராய்ச்சியை எல்லோருக்கும் திறந்து வையுங்கள் என்று நான் இன்றுவரை மேடை கிடைத்தால் மேடையிலும், கிடைக்காவிட்டால் பஸ்ஸிலும் கத்திக்கொண்டிருப்பதற்கு மதினியின் அந்த ஒரு வாக்கியம்தான் காரணம். ஏழைகளுக்குப் பிச்சை போடுகிற மாதிரி இதைப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. படித்தவர்களின் தப்பைத் திருத்த எங்களை உள்ளே விடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

மறுநாள் என் கையாலேயே இரண்டு கிணற்றிலும் தண்ணீர் மொண்டு மதுரைக்குக் கொண்டுபோனேன். ஆய்வகத்தில் நிறம் பார்த்துக் கண்டுபிடிக்கிற சோதனை ஒன்று உண்டு, அதைத் திரும்பத் திரும்பச் செய்தேன். நல்ல தண்ணீரில் ஆய்வேடு சொன்னது உண்மை. உப்புக் கிணற்றில் ஃபுளோரைடு பயப்படும்படி இல்லை. வாய்க்கு நன்றாக இருக்காது, அவ்வளவுதான், குடிக்கலாம். குடிக்கத் தகுந்த நீர் எதுவும் இல்லாத எங்கள் ஊரில், மாடு குளிப்பாட்டுகிற இடத்தில், அது இத்தனை காலமும் கிடந்திருக்கிறது.

தலைவரிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். என் குடுவைகளைப் பார்த்தார், நிறத்தைப் பார்த்தார், நம்பவும் செய்தார்.

"சரிதாம்மா. ஆனா டிகிரி குடுத்தாச்சு. பேப்பரும் வந்தாச்சு. இப்பப் போய்த் தப்புன்னு எழுதினா அந்தப் பையன் வாழ்க்கை என்னாகும்? டிபார்ட்மெண்டுக்கு என்ன பேர் வரும்?"

"அங்க பிள்ளைக குடிக்குதுக சார்."

"அதை நீ ஊர்ல சொல்லிக்க. வேண்டாங்கல. இங்க எதுக்கும்மா?"

நான் குடுவைகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் என் வேலை அன்றைக்கே போயிருக்கும்.

ஊரில் சொன்னேன். கும்பிட்டு ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்காதீர்கள். பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார்கள். "நல்ல தண்ணிய விஷங்கிற, கழுவுற தண்ணியக் குடிக்கச் சொல்ற, படிச்ச திமிராத்தா?" என்றார் ஒருவர். "உப்புத் தண்ணியில பருப்பு வேகாதே" என்று ஒரு கிழவர் திரும்பத் திரும்பக் கேட்டார். "வேகாட்டி துவையல் அரைச்சுத் தின்னுங்க!" என்று கத்திவிட்டேன். அண்ணன் என்னை இழுத்துக்கொண்டு போனார். அடுத்த நாள் காலையில் ஊரே பார்க்க, மதினி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உப்புக் கிணற்றுக்குப் போனார். நிறைகுடத்தோடு தெரு நடுவில் நடந்து வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடாகத்தான் மாறியது, முணுமுணுத்துக்கொண்டேதான் மாறியது. மாறாத வீடும் உண்டு.

அண்ணனுக்கு அப்புறம் ஒரு பையன் பிறந்தான். உப்புத் தண்ணீரில் வளர்ந்த பிள்ளை. அவனுக்குக் கால் நேராக இருக்கிறது. அக்காவும் தம்பியும் சேர்ந்து நடந்து வருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம் வர வேண்டும். வருவது வயிற்றெரிச்சல்தான். அலமாரி பூட்டியிருந்த காலம் அத்தனையும் அவள் காலில் தெரிகிறது. வளர்ந்த எலும்பு நிமிராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எண்பதுகளின் நடுவில் அவள் பசுமலையில் விடுதியில் தங்கிப் படிக்க வந்தாள். ஒரு சனிக்கிழமை என்னைப் பார்க்கக் கல்லூரிக்கு வந்தவள், "அத்தே, அந்தப் புக்க எனக்குக் காட்டுறீகளா?" என்றாள். பழைய தலைவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். புதிய தலைவர், அதே அறை, அதே அலமாரி, அதே பூட்டு. அவளே போய்க் கேட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"நீ ரிசர்ச் ஸ்டூடண்டாம்மா?"

"இல்ல சார்."

"அப்ப அது எதுக்கு உனக்கு? கைடு அனுமதி இல்லாம தர்றதில்லையே."

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"அதுல ஒரு போட்டோ இருக்கு சார். அந்தக் காலு என்னோடது."

அவர் அவள் காலைப் பார்த்தார். சட்டென்று மேசையைப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்துக் கொடுத்தார்.

அவளே அலமாரியைத் திறந்தாள். அட்டையில் என்றைக்கோ வைத்த குங்குமம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் அட்டவணையை நான் எடுத்துக் காட்டினேன். விரலை வைத்து வாசித்துவிட்டு, பையிலிருந்து பேனாவை எடுத்தாள். உப்புக் கிணற்று வரிக்குப் பக்கத்தில் தமிழில் எழுதினாள்: 'இது உப்புக் கிணற்றுத் தண்ணீர் இல்லை. எங்கள் அம்மா இரண்டு பாட்டிலிலும் நல்ல தண்ணீர்தான் பிடித்துக் கொடுத்தார்.'

"ஏய், என்னம்மா பண்ற! தீசிஸ்ல எழுதக் கூடாதும்மா!" தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"நீங்க யாரும் எழுதல சார்" என்றாள்.

பக்கத்தைப் புரட்டினாள். போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். 'பெண் குழந்தை, வயது ஐந்து' என்று இருந்ததற்குக் கீழே தன் பெயரை எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள்.